அம்மோனைட்: கல்லாகிப்போன நத்தை அல்ல

வரிவரியாக மேடு பள்ளத்தோடு சுருண்டிருக்கும் ஒரு கல்லைக் காட்டி இது என்ன என்று கேட்டால், "கல்லாகிப்போன நத்தை" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். சுருண்ட பாம்பு என்பவர்கள் உண்டு, டைனோசர் காலத்துச் சங்கு என்பவர்களும் உண்டு. அம்மோனைட் என்ற பெயரைச் சரியாகச் சொல்பவர்களில்கூடப் பலர், அந்த உயிரினம் சுருளின் நடுப்புள்ளி வரை உடம்பை நீட்டிக்கொண்டு உள்ளே கிடந்தது என்று நினைக்கிறார்கள். கையிலிருக்கும் கல்தான் அந்த உயிரினத்தின் உடம்பு என்றும் நம்புகிறார்கள்.

இவற்றில் எதுவும் சரியில்லை. அம்மோனைட் நத்தை இனமே அல்ல. சுருளின் பெரும்பகுதியில் அது வாழவும் இல்லை. நம் கைக்கு வருவது அதன் உடம்பும் அல்ல. உண்மையில் அந்தச் சுருள், கணவாய்க்கு உறவான ஓர் உயிரினம் கடலில் மூழ்கிப்போகாமல் மிதப்பதற்காகத் தானே உருவாக்கிக்கொண்ட கருவி. இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

யாருடைய உறவு?

நத்தை, சிப்பி, கணவாய், ஆக்டோபஸ் எல்லாம் மெல்லுடலிகள் என்ற பெரிய கூட்டத்தைச் சேர்ந்தவை. எலும்பில்லாத மென்மையான உடல் கொண்டவை என்று பொருள். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு கிளை தலைக்காலிகள். இவற்றுக்குத் தலையிலிருந்தே கைகள் முளைத்திருக்கும். ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய், பேய்க்கணவாய் என்று மீனவர்கள் சொல்லும் ஆக்டோபஸ், எல்லாமே தலைக்காலிகள்தான். அம்மோனைட்டும் இந்தக் கிளைதான். நத்தை வேறு கிளை.

இன்று உயிரோடு இருக்கும் தலைக்காலிகளில் வெளியே சுருள் ஓடு சுமப்பவை நாட்டிலஸ் வகைகள் மட்டுமே. பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் வெப்பமண்டலப் பகுதிகளில், பவளத்திட்டுகளின் ஆழமான சரிவுகளில் அவை வாழ்கின்றன. பார்க்க அம்மோனைட் போலவே இருப்பதால் "அம்மோனைட் இன்னும் உயிரோடு இருக்கிறது" என்று நாட்டிலஸ் படத்தைப் போட்டு எழுதுகிறார்கள். ஓட்டின் தோற்றத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் வம்சாவளியைப் பார்த்தால் அம்மோனைட்டுக்கு நாட்டிலஸ் தூரத்துச் சொந்தம். ஓடே தெரியாத கணவாயும் ஆக்டோபஸும்தான் நெருங்கிய சொந்தம்.

நேரான ஓடு கொண்ட மூதாதைகளிலிருந்து, டெவோனியன் காலத்தில், சுமார் 41 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த வம்சம் கிளைத்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முற்றிலும் அழிந்தது. வல்லுநர்கள் இந்த முழு வம்சத்தையும் அம்மோனாய்டு என்பார்கள். ஜுராசிக், கிரெட்டேசியஸ் காலங்களில் (சுமார் 20.1 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை) செழித்த பிரிவை மட்டும்தான் அம்மோனைட் என்பார்கள். பேச்சு வழக்கில் எல்லாவற்றுக்கும் அம்மோனைட் என்றே சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான்.

இதுவரை பார்த்தது: அம்மோனைட் ஒரு தலைக்காலி. ஓட்டைப் பார்த்தால் நாட்டிலஸ் போல இருக்கும், உறவிலோ கணவாய்க்கு நெருக்கம்.

முன்னே கட்டி, பின்னே அடைத்த வீடு

ஒருவர் ஓரறை வீட்டில் குடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு பெருக்கப் பெருக்க அறை போதவில்லை. வீட்டை மாற்றாமல், முன்பக்கத்தைக் கொஞ்சம் அகலமாக நீட்டிக் கட்டி அங்கே நகர்கிறார். காலியான பின்பகுதியை ஒரு சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறார். சுவரில் ஒரு சின்னத் துளை விட்டு, அதன் வழியே ஒரு குழாயை மட்டும் பின்னறைக்குள் ஓடவிடுகிறார். கொஞ்ச நாளில் மறுபடி இடம் போதவில்லை. மறுபடி முன்னே கட்டுகிறார், பின்னே அடைக்கிறார். ஆயுள் முழுக்க இதையே செய்தால், கடைசியில் அவர் குடியிருப்பது வாசல் ஒட்டிய முதல் அறையில் மட்டும். பின்னால் வரிசையாக அடைத்த அறைகள், எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு ஒரே குழாய்.

அம்மோனைட் ஓடு இப்படித்தான் வளர்ந்தது. உயிரினம் இருந்தது வாசலை ஒட்டி, கடைசியாகக் கட்டிய பகுதியில். அதைக் குடியறை என்று சொல்லலாம். பின்னால் இருப்பவை காலி அறைகள். அறைகளைப் பிரிப்பது தடுப்புச்சுவர். எல்லாச் சுவர்களையும் துளைத்துச் செல்லும் உயிருள்ள சதைக் குழாய்க்கு சைஃபங்கிள் என்று பெயர். நத்தை ஓட்டில் இந்த அறைகளும் கிடையாது, குழாயும் கிடையாது.

குழாய் ஓடும் இடம்கூட ஒரு நல்ல அடையாளம். நாட்டிலஸ் ஓட்டில் அது சுவரின் நடுவாக்கில் போகும். பெரும்பாலான அம்மோனைட்டுகளில் சுருளின் வெளி விளிம்பை ஒட்டிப் போகும். குறுக்கே அறுத்து மெருகேற்றிய மாதிரியைப் பார்க்க நேர்ந்தால் முதலில் இதைத் தேடிப் பாருங்கள்.

அறைக்குள் காற்று எப்படி வந்தது?

பரவலான தவறு ஒன்று இங்கேதான் இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல் போல, அம்மோனைட் காற்றைப் பம்ப் செய்து மேலே வந்தது, தண்ணீரை நிரப்பிக் கீழே போனது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நடப்பது வேறு. அது எப்படி என்று நமக்குத் தெரிவது உயிருள்ள நாட்டிலஸை வைத்துச் செய்த ஆய்வுகளால்.

புதிதாக அடைத்த அறை முதலில் திரவத்தால் நிறைந்திருக்கும். சைஃபங்கிளின் செல்கள் அந்தத் திரவத்திலுள்ள உப்பை இழுத்துக்கொள்கின்றன. உப்பு போன பக்கம் நீரும் பின்தொடர்கிறது. செறிவு அதிகமுள்ள பக்கம் நோக்கி ஒரு மெல்லிய சவ்வு வழியாக நீர் நகரும் இந்த இயல்பைப் பள்ளிப் பாடத்தில் சவ்வூடு பரவல் என்று படித்திருப்போம். திரவம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற, காலியாகும் இடத்தில் இரத்தத்தில் கரைந்திருந்த வாயு தானாகப் பிரிந்து பரவுகிறது. அதனால் அறைக்குள் வாயுவின் அழுத்தம் கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தைவிடக் குறைவாகவே இருக்கும். வெளியே நூற்றுக்கணக்கான மீட்டர் கடலின் எடை அழுத்திக்கொண்டிருக்கும்போது உள்ளே இந்த நிலை! அவ்வளவு அழுத்தத்தையும் தாங்குவது வாயு அல்ல, ஓடுதான். ஏறக்குறைய 800 மீட்டர் ஆழத்துக்குக் கீழே போனால் நாட்டிலஸ் ஓடு நொறுங்கிவிடும்.

இந்தத் திரவ வெளியேற்றம் மிக மெதுவான வேலை. நினைத்த நேரத்தில் மேலே வரவும் கீழே போகவும் அது உதவாது. பிறகு எதற்கு? ஓடும் சதையும் சேர்ந்து தண்ணீரைவிடக் கனமானவை. உடம்பு வளர வளரக் கனம் கூடிக்கொண்டே போகும். அந்தக் கூடுதல் கனத்தைப் புது அறையின் வெறுமை ஈடுகட்டுகிறது. ஆகவே உயிரினம் மூழ்கவும் இல்லை, மேலே தூக்கியடிக்கப்படவும் இல்லை. இருக்கும் ஆழத்தில் சிரமமின்றி நின்றது. நகர வேண்டுமென்றால் கணவாய் போல, உடலுக்குள் இழுத்த நீரை ஒரு புனல் வழியே பீய்ச்சி உந்திக்கொண்டது. என்னைக் கேட்டால், அம்மோனைட்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல நேரம் இருக்கிறது என்றால் இந்தக் குழாயைத்தான் சொல்வேன். தசை பலமோ வேகமோ இல்லாமல், உப்பை மட்டும் நகர்த்தி ஓர் உயிர் கடலுக்குள் எடையற்று நின்றிருக்கிறது.

கரையில் ஒதுங்கும் வெள்ளையான, லேசான கடல்நுரை என்ற பொருளும் இதே வேலையைச் செய்வதுதான். அது ஓட்டுக்கணவாயின் உடலுக்குள் இருக்கும் ஓடு. மெல்லிய அறைகள் அடுக்கடுக்காக அதில் இருக்கும், மிதப்பைச் சமன் செய்வதும் அதே முறையில்தான்.

சுருக்கமாக: காலி அறைகள் எடையைச் சமன் செய்யும் உறுப்பு. காற்றை யாரும் ஊதி நிரப்பவில்லை. திரவத்தை வெளியே எடுத்ததால் வெறுமை வந்தது.

மேலே தெரிவது இலை அல்ல

சில அம்மோனைட்டுகளின் மேல் இலைகள் பதிந்தது போல, நுணுக்கமான நெளிகோடுகள் தெரியும். செடியின் தடம் என்று பலரும் ஏமாறும் இடம் இது. அது சூச்சர் கோடு. தடுப்புச்சுவர் ஓட்டின் உட்பக்கத்தோடு ஒட்டும் விளிம்புதான் இப்படிக் கோடாகத் தெரிகிறது. ஓடு முழுதாக இருக்கும்வரை இதைப் பார்க்க முடியாது. வெளி ஓடு கரைந்தோ உரிந்தோ போன பிறகுதான் தெரியும்.

நாட்டிலஸில் சுவர் வழவழப்பான கிண்ணம் போல இருப்பதால் கோடும் லேசாக வளைந்து போகும். அம்மோனைட்டில் சுவரின் நடுப்பகுதி ஓரளவு சமமாக இருந்து, ஓரத்தை நெருங்கும்போது மடிப்பு மேல் மடிப்பாகக் கசங்கும். பழைய டெவோனியன் வகைகளில் மடிப்புகள் எளிமையானவை. ஜுராசிக்குக்கு முந்தைய டிரயாசிக் காலத்தில் மடிப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பல் வரிசை சேர்ந்தது. ஜுராசிக், கிரெட்டேசியஸ் வகைகளில் மடிப்புக்குள் மடிப்பு, அதற்குள்ளும் மடிப்பு. ஒவ்வொரு இனத்துக்கும் தனித்த கோட்டமைப்பு இருப்பதால் இனம் காண்பதற்கு இது பெரிதும் உதவுகிறது.

ஏன் இத்தனை சிக்கல்? ஆழத்து அழுத்தத்தைத் தாங்க என்று ஒரு தரப்பு சொல்கிறது, தசை பிடித்துக்கொள்ள என்று ஒரு தரப்பு. அறைத் திரவத்தை மடிப்புகளில் தேக்கி வைத்துக் கையாள என்ற விளக்கமும் இருக்கிறது. ஒரே காரணம்தான் இருந்தாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஓடு கல்லாக மாறுவது

புதைபடிவம் என்றால், பழங்கால உயிரின் உடல் பகுதியோ தடமோ பாறையில் நிலைத்திருப்பது. அம்மோனைட்டில் நிலைத்தது கிட்டத்தட்ட எப்போதும் ஓடு சம்பந்தப்பட்டது மட்டும்தான். சதை அழுகிப்போகும், அல்லது வேறு உயிர்கள் தின்றுவிடும். காலி ஓடு சேற்றில் இறங்கும். குடியறையில் சேறு புகும். மூடிய அறைகளுக்குள் நீரில் கரைந்து வரும் கனிமங்கள் மெல்லப் படிகமாகப் படியும். அறுத்த மாதிரிகளில் அறைகள் பளிங்கு போல மின்ன இதுவே காரணம்.

ஓடு அரகோனைட் என்ற கனிமத்தால் ஆனது. அது எளிதில் கரையும் அல்லது கால்சைட் என்ற வேறு கனிமமாக மாறும். பல சமயம் ஓடு முழுவதும் கரைந்துபோய், உள்ளே இறுகிய சேறு மட்டும் கல்லாக நிற்கும். அதை உள்வார்ப்பு என்று சொல்லலாம். உங்கள் கையில் இருப்பது உள்வார்ப்பு என்றால், நீங்கள் பிடித்திருப்பது ஓட்டைக்கூட அல்ல. ஓட்டுக்குள் இருந்த இடத்தை. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் புதைந்தவற்றில் பைரைட் என்ற இரும்புக் கனிமம் படிந்து பொன்னிறமாக மின்னுவதும் உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டா பகுதியில் அரகோனைட் கரையாமலே நிலைத்து, அதன் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுச் சிவப்பும் பச்சையுமாகப் பளபளக்கும். அம்மோலைட் என்ற பெயரில் அது 1981இல் ரத்தினமாக அங்கீகாரம் பெற்றது.

நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைத்து, திருமாலின் சக்கரமாக வழிபடப்படும் சாளக்கிராமங்களிலும் அம்மோனைட்டின் பதிவு உண்டு. கருங்களிப்பாறையில் உருண்டு திரண்ட கட்டிகளுக்குள் ஓட்டின் அச்சு பதிந்திருக்கிறது. ஆறு அவற்றை உருட்டி மெருகேற்றுகிறது. கடல் உயிர் இமயமலையில் எப்படி என்று கேட்டால், கடல் அங்கே ஏறவில்லை, கடலடிதான் எழுந்தது. டெத்திஸ் என்ற பழைய கடலின் அடிச்சேறு, இந்திய நிலத்தட்டு ஆசியாவை மோதி முட்டியபோது மடிந்து மலையாகிவிட்டது. இங்கிலாந்தின் விட்பி கரையில் கிடைத்தவற்றையோ ஹில்டா என்ற துறவி கல்லாக்கிய பாம்புகள் என்று மக்கள் நம்பினார்கள். வியாபாரிகள் அவற்றில் பாம்புத்தலையும் செதுக்கி விற்றார்கள். அந்தக் கதையின் நினைவாக ஓர் அம்மோனைட் பேரினத்துக்கே ஹில்டோசெராஸ் என்று பெயர்.

அரியலூர் பகுதியின் கிரெட்டேசியஸ் பாறைகளும் அம்மோனைட்டுக்குப் பெயர்பெற்றவை. 1860களில் புதைபடிவ ஆய்வாளர் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அங்கு கிடைத்த ஓடுகளை வகைப்படுத்தி எழுதியது முதல் இன்று வரை உலக அளவில் ஒப்பிடப் பயன்படுகின்றன.

ஆக, புதைபடிவத்தில் மிஞ்சுவது ஓடு, அல்லது ஓட்டின் அச்சு, அல்லது உள்ளே நிரம்பிய பொருள்.

சுருளாதவை, பெரியவை, ஜோடிகள்

அம்மோனைட் என்றாலே தட்டைச் சுருள் என்பது பாதி உண்மை. கிரெட்டேசியஸ் காலத்தில் பாக்குலைட்டஸ் போன்றவை நேராக நீண்டன. டர்ரிலைட்டஸ் திருகுபடி போலச் சுழன்று ஏறியது. ஜப்பானில் கிடைத்த நிப்போனைட்டஸ் முடிச்சுப் போட்டது போல இருக்கும். நோயால் கோணியது என்று சந்தேகிக்கத் தோன்றினாலும், ஒரே ஒழுங்கில் அமைந்த பல மாதிரிகள் கிடைத்திருக்கின்றன.

பெரும்பாலானவை உள்ளங்கைக்குள் அடங்கும். ஆனால் 1895இல் ஜெர்மனியின் செப்பன்ராடே ஊரில் கிடைத்த, பாராபுஸோசியா என்ற அம்மோனைட்டின் குறுக்களவு சுமார் 1.74 மீட்டர். அதிலும் குடியறையின் ஒரு பகுதி உடைந்துபோய்விட்டது.

ஒரே பாறையில் ஒரே மாதிரியான பெரிய ஓடும் சின்ன ஓடும் சேர்ந்து கிடைக்கும்போது, அவற்றை இரண்டு இனங்களாக எண்ணித் தனித்தனிப் பெயர் வைத்த காலம் உண்டு. பெரியது பெண், சின்னது ஆண் என்பதே இன்றைய பொதுவான கருத்து.

கைகள் வரைந்த படங்களை எவ்வளவு நம்பலாம்?

கண்ணும் நீண்ட கைகளுமாக வரைந்த வண்ணப் படங்கள் உறவினரைப் பார்த்து ஊகித்தவை. சதை நிலைப்பது அத்தனை அபூர்வம். 2021இல் வெளியான ஓர் ஆய்வு, ஜெர்மனியின் சோல்ன்ஹோபன் பகுதியில் கிடைத்த, ஓடே இல்லாத ஓர் அம்மோனைட் உடலை விவரித்தது. உணவுப்பாதை உட்படச் சில உள்ளுறுப்புகள் அதில் தெரிந்தன, கைகள் தெரியவில்லை.

வாயைப் பற்றி இன்னும் திடமான சான்று உண்டு. பாக்குலைட்டஸ் ஒன்றைச் சக்திவாய்ந்த எக்ஸ்-கதிர் மூலம் ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். தாடையும், ராடுலா எனும் பல்வரிசை கொண்ட நாக்கும் முழுதாகத் தெரிந்தன. வாயில் குட்டி நத்தையும் துண்டாகிய சிறு ஓட்டுடலியும் (இறால், நண்டு வகை) சிக்கியிருந்தன. ஆக இந்த வகை வேட்டையாடியது பெரிய மீன்களை அல்ல, நீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிர்களை.

பாறையின் வயதைக் காட்டும் ஓடு

புவியியலாளர்கள் அம்மோனைட்டைத் தேடித் திரிவதற்கு அழகு மட்டும் காரணம் அல்ல. அவை விரைவாக மாறின, கடல் கடந்து பரவின, எண்ணிக்கையிலும் ஏராளம். ஆகவே ஓர் இனம் குறுகிய காலம்தான் வாழும், ஆனால் தூரதூர இடங்களிலும் கிடைக்கும். இரண்டு நாடுகளில் ஒரே இனம் கிடைத்தால் அந்த இரண்டு பாறைகளும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை. இப்படிப் பயன்படுவதைக் குறியீட்டுப் புதைபடிவம் என்பார்கள். 1850களில் ஜெர்மானியப் புவியியலாளர் ஆல்பர்ட் ஓப்பல் இந்த முறையால் ஜுராசிக் பாறைகளை மெல்லிய மண்டலங்களாகப் பிரித்துக் காட்டினார். இன்றும் ஜுராசிக் காலத்தின் தொடக்கம், ஆஸ்திரியாவின் ஒரு பாறை வரிசையில் சைலோசெராஸ் ஸ்பெலே என்ற அம்மோனைட் முதன்முதலாகத் தோன்றும் இடத்தை வைத்தே வரையறுக்கப்பட்டிருக்கிறது.

ஏன் நாட்டிலஸ் தப்பியது, அம்மோனைட் தப்பவில்லை?

25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் முடிவில் வந்த பேரழிவில் அம்மோனைட் வம்சம் நூலிழையில் பிழைத்தது. 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் டிரயாசிக் முடிவிலும் அப்படியே. இரண்டு முறையும் சில கிளைகள் மட்டும் மிஞ்சி, மறுபடி பெருகின. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் சிக்சுலூப் பகுதியில் விண்கல் மோதியபோது மட்டும் மீளவில்லை.

முக்கியமான காரணமாகச் சொல்லப்படுவது குஞ்சுகளின் அளவு. அம்மோனைட் குஞ்சு பொரிக்கும்போது ஓடு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். கடலின் மேல்பரப்பில் மிதவை உயிர்களோடு மிதந்து, அவற்றையே தின்று வளர்ந்தது. விண்கல் மோதலுக்குப் பின் சூரிய ஒளி மங்கி, மேல்பரப்பு நீர் அமிலமானபோது முதலில் அடிவாங்கியது அந்த மிதவை உயிர்கள்தான். உணவு போயிற்று, மெல்லிய ஓடும் ஆபத்தில் சிக்கியது. நாட்டிலஸ் இடும் முட்டைகள் குறைவு, ஆனால் பெரியவை. பொரிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். வெளியே வரும்போதே குஞ்சின் ஓடு இரண்டரை சென்டிமீட்டர் அளவில், ஆழத்தில் இரை தேடத் தயாராக இருக்கும். மேல்பரப்பின் அழிவைக் கடக்க இந்த வாழ்க்கை முறை உதவியது.

விண்கல் வருவதற்கு முன்பே அம்மோனைட் எல்லா இடத்திலும் நலிந்துகொண்டிருந்தது என்ற பழைய கருத்தை அப்படியே ஏற்க முடியாது. 2024இல் வந்த ஓர் ஆய்வின்படி, சில பகுதிகளில் குறைந்தாலும் வேறு பகுதிகளில் செழிப்பாகவே இருந்தன. "ஒரே நாளில் எல்லாம் முடிந்தது" என்பதும் சரியாக இருக்க வாய்ப்பில்லை. டென்மார்க்கின் ஸ்டெவ்ன்ஸ் கிளிண்ட் பாறையில், விண்கல் மோதலைக் குறிக்கும் மெல்லிய களிமண் படிவத்துக்கு மேலேயும் சில அம்மோனைட் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அவை கீழடுக்கிலிருந்து அரித்து மேலே வந்தவையா, மோதலுக்குப் பிறகும் கொஞ்ச காலம் வாழ்ந்தவையா என்பது ஆய்வாளர்களிடையே நடக்கும் விவாதம். அந்த ஓடுகளுக்குள் இறுகியிருக்கும் சேறு எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அதற்கு விடை தேடுகிறார்கள்.